வேலை போனபின் குருவி பார்த்தவர்

ஆகஸ்ட் கடைசியில் பழவேற்காடு பறவைகள் சரணாலயத்துக்குப் போகிறீர்களா? வடக்கிலிருந்து உள்ளான்கள் வரத் தொடங்கும் நேரம் அது. அதற்குமுன், நம் நாட்டில் பலருக்குப் பறவை பார்க்கக் கற்றுத்தந்த சாலிம் அலியைத் தெரிந்துகொள்ளுங்கள்.

1896-ல் மும்பையில் பிறந்தவர். பெற்றோரை இழந்து மாமா வீட்டில் வளர்ந்தார். சிறுவயதில் சுட்ட குருவியின் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. அது என்ன பறவை என்று கேட்க பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனவர், பறவைகளை விடவே இல்லை.

ஜெர்மனியில் பயிற்சி பெற்று 1930-ல் திரும்பியபோது, அருங்காட்சியகத்தில் அவர் பார்த்த வேலை போயிருந்தது. மனைவி தெஹ்மினாவுடன் கிஹிம் என்ற கடலோரக் கிராமத்துக்குச் சென்றார். மழைக்காலத்தில் வீட்டருகே தூக்கணாங்குருவிகளைப் பார்த்துப் பார்த்துக் குறிப்பெழுதினார். ஆண் குருவி பாதிக் கூடு கட்டும். பெண்ணுக்குப் பிடித்தால்தான் அது முழுக் கூடாகும். பிறகு ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கிவிடும். வேலையில்லாத அந்த நாட்களில் அவர் கண்டது இது.

1941-ல் இந்தியப் பறவைகள் பற்றிய அவரது நூல் வெளிவந்தது. 1976-ல் பத்ம விபூஷண் பெற்றார். 1987-ல், 90 வயதில் மறைந்தார்.

பழவேற்காடு போகும் வழியில் பனைமரத்தில் தூக்கணாங்குருவிக் கூடு தெரிந்தால் வண்டியை ஓரமாக நிறுத்துங்கள். பாதிக் கூடா, முழுக் கூடா? பைனாகுலர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பிள்ளைகள் கையில் ஒரு நோட்டும் பேனாவும் கொடுங்கள்.