ராஜிநாமாச் செய்த மேற்றிராணியார்

அவிநாசியிலிருந்து கோவை போகும் சாலையில், திருப்பூர்ப் பனியன் மூட்டைகளை ஏற்றிய லாரிகள் கருமத்தம்பட்டியைக் கடந்து ஓடுகின்றன. சுற்றுவட்டாரமெங்கும் தறிச் சத்தம். இவ்வூரில்தான் 1846 அக்டோபர் 4ஆம் தேதி, பிரெஞ்சுக்காரரான மரியோன் பிரசில்லாக் மேற்றிராணியாராக அபிஷேகம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 32.

1842இல் புதுச்சேரியில் வந்திறங்கியவர் அவர். நம் நாட்டவரே குருக்களாகி, மேற்றிராணிகளாகவும் உயர வேண்டும் என்பது அவருடைய தீராத ஆசை. உடன் உழைத்த ஐரோப்பியக் குருமார் சிலருக்கு அது கசந்தது.

அவர் தூக்கத்தைக் கெடுத்ததோ வேறொன்று. ஞானஸ்நானம் பெற்ற பின்னும் ஜாதி போகவில்லை. கோயிலுக்குள்ளேயே மேல் ஜாதிக்கு ஓரிடம், கீழ் ஜாதிக்கு ஓரிடம்! எது வெறும் ஊர் வழக்கம், எது வேதத்துக்கு விரோதம்? 1744இல் பாப்பரசர் பதினான்காம் பெனடிக்ட் இதற்கு விதி வகுத்திருந்தார். அதன்படி நடப்பதாகக் குருமார் சத்தியம் செய்தாக வேண்டும். சத்தியமும் செய்துவிட்டு, பழைய வழக்கங்களுக்கும் இடங்கொடுப்பதா? மற்றவர்கள் ஏதோ சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். இவரால் முடியவில்லை. ரோமாபுரிக்கு எழுதினார்; மனம் ஆறும் விடை வரவில்லை. 1855இல் அவருடைய ராஜிநாமா ஏற்கப்பட்டது.

ஜாதியை ஒழிக்கப் புறப்பட்ட சீர்திருத்தவாதி என்று இவரைச் சொல்ல முடியாது. இருந்து போராடியிருக்கலாமே என்றும் கேட்கலாம். ஆனால், உள்ளம் ஒப்பாத காரியத்துக்காகப் பதவியையே விட்டவர் எத்தனை பேர்?

1856இல் லியோன் நகரில் ஆப்பிரிக்க வேத போதக சபையைத் தொடங்கினார். 1859 மே மாதம் சியரா லியோனில் போய் இறங்கினார். அங்கே மஞ்சள் காய்ச்சல். தோழர்கள் ஒருவர்பின் ஒருவராகச் சாய்ந்தனர். ஜூன் 25ஆம் தேதி அவரும் மாண்டார்.

2020இல் போப் பிரான்சிஸ் அவரை வணக்கத்துக்குரியவராக அறிவித்தார்.