துவரைச் செடிக்கு வைத்தியம் பார்த்த டாக்டர்

ஆண்டு மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு எழுதித் தரச் சொல்லி அறிவிப்பு வந்ததும், வகுப்பில் பாதிப் பேர் எடிசன் பெயரையும் மீதிப் பேர் விஸ்வேஸ்வரய்யா பெயரையும் கொடுத்துவிட்டார்கள். நான் எடுத்துக்கொண்டவர் எட்வின் ஜான் பட்லர். மெக்கானிக்கல் படிக்கிற நமக்கு இவர் புதுசாக இருக்கலாம். வேளாண்மைக் கல்லூரி மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள், இந்தியாவில் பயிர் நோய் ஆராய்ச்சிக்குத் தந்தை என்று உடனே சொல்வார்கள்.

பட்லர் 1874-ல் அயர்லாந்து நாட்டில் கில்கீ என்ற கடலோர ஊரில் பிறந்தார். படித்தது மருத்துவம். 1898-ல் கார்க் நகரக் கல்லூரியில் டாக்டர் பட்டமும் வாங்கிவிட்டார். அங்கே ஹார்டாக் என்ற பேராசிரியர் தண்ணீரில் வளரும் பூசணங்களை நுண்ணோக்கியில் காட்டப்போய், இவருக்கு மனசு அதிலேயே ஒட்டிக்கொண்டது. டாக்டர் தொழிலை விட்டுவிட்டு பாரிசுக்குப் போய்ப் பூசணம் படித்தார். வீட்டில் என்ன சொன்னார்களோ! நம் வீட்டில் டாக்டருக்குப் படித்த பிள்ளை, பூஞ்சக்காளானைப் பார்க்கப் போகிறேன் என்றால் விடுவார்களா?

1901-ல் இந்திய அரசாங்கம் இவரை வேலைக்கு எடுத்தது. முதலில் கல்கத்தா, பிறகு டேராடூன், அதன் பிறகு பீகாரில் பூசா என்ற கிராமத்தில் புதிதாகத் தொடங்கிய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம். அப்போது இந்தியா முழுமைக்கும் பயிர்ப் பூசண நோய்க்கு என்று அரசாங்கம் வைத்திருந்த நிபுணர் இவர்தான். கோதுமையில் துரு, கரும்பில் செவ்வழுகல் என்று எது வந்தாலும் இவர் மேஜைக்குத்தான் போகும். அன்றைய சென்னை மாகாணத்தில் கோதாவரிப் பக்கம் பனைமரங்கள் குருத்து அழுகிச் சாய்ந்தபோதும் அவரே ஆராய்ந்து, அதற்குக் காரணமான பூசணத்துக்கு 1907-ல் பெயர் வைத்தார். பனையை நம்பிப் பிழைக்கிறவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

ஆனால் நான் இவரைத் தேடிப் படித்தது துவரைக்காக.

துவரை வாடல் நோய் பீகாரில் அப்போது பெரிய தொல்லை. பூக்கும் பருவத்தில், நிலத்தில் ஈரம் இருக்கும்போதே செடி வாடும். வாடி நிற்கிற செடியின் வேரை எடுத்துப் பார்த்தால் ஒரு பூசணம் இல்லை, இரண்டு இருந்தது. முதலாவது நியோகாஸ்மோஸ்போரா. அமெரிக்காவில் எர்வின் ஸ்மித் என்ற பெரிய விஞ்ஞானி, பருத்தி வாடலுக்கு இதுதான் காரணம் என்று 1899-லேயே எழுதியிருந்தார். இரண்டாவது பியூசேரியம் வகை. இந்த இரண்டும் ஒரே பூசணத்தின் இரண்டு ரூபம் என்பது ஸ்மித்தின் கருத்து. பெரியவர் சொல்லிவிட்டார், நாமும் அப்படியே எழுதிவிடுவோம் என்று பட்லர் இருந்திருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்?

அவர் அப்படி விடவில்லை. இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து வளர்த்தார். நல்ல செடிகளுக்கு ஒவ்வொன்றையும் தனியாகக் கொடுத்துப் பார்த்தார். நியோகாஸ்மோஸ்போரா கொடுத்த செடிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது செத்த வேரைத் தின்று பிழைக்கிற அப்பாவி. பியூசேரியம் கொடுத்தவைதான் வாடின. குற்றவாளி அகப்பட்டுக்கொண்டான்! ஏற்கெனவே பெயர் வைத்த எதனோடும் அது ஒத்துப்போகாததால் புதிய இனம் என்று 1910-ல் விவரித்து, பியூசேரியம் உடம் என்று பெயர் சூட்டினார். (நம்ம உடம்பு இல்லை, லத்தீனில் ஈரம் என்று அர்த்தமாம்.)

இது செடியைக் கொல்லும் விதம் நம் பாடத்தோடு ஒத்துப்போகிறது. மண்ணிலிருந்து சல்லிவேர் வழியாக நுழைந்து, தண்ணீர் ஏறும் குழாய்களுக்குள் வளர்ந்துவிடும். பைப்பில் அடைப்பு விழுந்தால் மேல்தொட்டிக்குத் தண்ணீர் எப்படி ஏறும்? காலடியில் ஈரம் இருந்தும் செடி தாகத்தால் சாகிறது.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருத்தன்தான். தர்மபுரிப் பக்கம் எங்கள் காட்டில் கேழ்வரகுக்கு நடுவே துவரைச் சால் விடுவோம். கிழக்கு மூலையில் மூன்று வருஷமாக, பூ எடுக்கிற நேரத்தில் செடி வாடிக்கொண்டே வந்தது. வேர்ப்புழு என்று அப்பா மருந்துக்குச் செலவு செய்தார். பாட்டி திருஷ்டி கழித்தது. இந்தத் தடவை லீவில் போனபோது வாடின செடியின் தூரைப் பிளந்து பார்த்தேன், உள்ளே கறுப்புக் கோடு கோடாக ஓடியிருந்தது. பட்லர் சொன்ன அதே அடையாளம்!

அப்பா கேட்டது ஒன்றே ஒன்று.

"இதுக்கு மருந்து இருக்காடா?"

வாடின செடியைக் காப்பாற்ற மருந்து கிடையாது. செடி செத்த பிறகும் அறுத்த கட்டையிலும் வேரிலும் பூசணம் வருஷக்கணக்கில் உயிரோடு இருக்கும், அதனால்தான் அதே மூலையில் திரும்பத் திரும்ப வருகிறது. வேரோடு பிடுங்கி எரித்துவிட்டு, சில வருஷம் அந்த இடத்தில் துவரை போடாமல் இருக்க வேண்டும். வாடலைத் தாங்கும் ரகமும் கிடைக்கிறது. இதைச் சொன்னபோது அப்பா நம்பின மாதிரி தெரியவில்லை. ஆனாலும் அந்த மூலையில் இப்போது சோளம் விதைத்திருக்கிறார். மருந்துக் கடைப் பாக்கி இன்னும் தீரவில்லை, அது வேறு கதை.

மீண்டும் பட்லருக்கு வருவோம். அவர் தனி ஆளாக எல்லாவற்றையும் பொத்தி வைத்துக்கொள்ளவில்லை என்பது எனக்குப் பிடித்தது. பூசாவில் அவரிடம் உதவியாளராக இருந்த தஸ்தூர் என்ற பார்சி இளைஞர், ஆமணக்கில் ஒரு புதிய பூசண இனத்தைக் கண்டு 1913-ல் தன் பெயரிலேயே வெளியிட்டார். வெள்ளைக்காரர் ஆட்சியில் இது சாதாரணமா?

1918-ல் நம் நாட்டுப் பயிர் நோய்களை வைத்தே பட்லர் ஒரு பெரிய நூல் எழுதினார். 1920-ல் இங்கிலாந்து திரும்பி, கியூவில் புதிதாக அமைந்த பூசணவியல் நிலையத்துக்கு முதல் இயக்குநரானார். 1926-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர், 1939-ல் சர் பட்டம். 1943-ல் காலமானார்.

அவர் வைத்த பெயருக்கும் சோதனை வந்தது. 1940-ல் ஸ்னைடர், ஹான்சன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் பல பியூசேரிய இனங்களை ஒன்றாகச் சேர்த்தபோது, பட்லரின் இனத்தையும் அதில் அடக்கிவிட்டார்கள். பின்னால் வந்தவர்கள் அதைத் தனி இனம் என்றே ஏற்றுக்கொண்டார்கள்.

பூசா கட்டடம் 1934 பீகார் நிலநடுக்கத்தில் இடிந்து, நிலையம் 1936-ல் டெல்லிக்கு மாறியது. பட்லர் தொடங்கிவைத்த பூசண மாதிரித் தொகுப்பும் கூடவே டெல்லிக்குப் போய், இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் பாதுகாப்பாக இருக்கிறது.