டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்

இரத்தப் புற்று நோய் கண்ட குழந்தைக்கு உயிரை நீட்டித்துத் தரவல்ல மருந்து 1947-ஆம் ஆண்டு வரையில் எந்த வைத்தியரிடத்திலும் இருந்ததில்லை. சில வாரங்களில், மிஞ்சினாற் சில மாதங்களில், குழந்தை மாண்டுபோகும். அந்நிலையை முதலில் அசைத்த மருந்து, சென்னையில் வைத்தியம் கற்ற ஒருவருடைய மேற்பார்வையில் உண்டாயிற்று. டாக்டர் சுப்பாராவின் பெயரைக் கேட்டோர் நம்மிற் பலர். அவர் செய்தது இன்னதென்று அறிந்தோர் மிகச் சிலரே.

இவர் 1895-ஆம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி பீமவரத்தில் எளிய குடும்பத்திற் பிறந்தார். இளமையிற் படிப்பில் நாட்டமில்லை. மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இருமுறை தவறி, மூன்றாம் முறை திருவல்லிக்கேணி இந்து உயர்தரப் பாடசாலையிலிருந்து எழுதியே தேறினார். (மார்ச்சு மாதத்தில் முகம் வாடியிருக்கும் நண்பர்கள் இதனைக் கவனிப்பாராக.) பின்னர் இராஜதானிக் கலாசாலையிலும் சென்னை வைத்தியக் கலாசாலையிலும் பயின்றார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதர் அங்கியோடு அறுவைச் சிகிச்சைக் கூடத்திற்குச் சென்றமையால் ஆசிரியரின் மனக்கசப்புக்கு ஆளானார், எம்.பி.பி.எஸ். பட்டத்திற்குப் பதிலாக அதனிற் குறைந்த எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது. இதற்கிடையில் சகோதரர் ஒருவரை ஸ்புரூ என்னும் குடல் நோய் கொண்டுபோயிற்று.

மனைவியை இந்நாட்டில் விட்டு அமெரிக்கா சென்றவர் திரும்பவேயில்லை. ஹார்வர்டில் கற்குங் காலத்தில், மருத்துவமனையொன்றிற் கழிகலம் சுமந்து வயிறு வளர்த்தார். உடலிலுள்ள பாஸ்பரஸை அளக்க அவரும் பிஸ்கேயும் 1925-இல் வெளியிட்ட முறையை இரசாயன மாணவர் அறிவர். அங்கே நிலையான பதவி கிட்டாமையால் 1940-இல் லெடர்லி ஆராய்ச்சிசாலைக்குச் சென்றார். யானைக்கால் நோய்க்கு இன்றும் வழங்கும் மாத்திரை அங்கே அவர் கூட்டத்தார் கண்டதே. கும்பகோணம் முதலிய காவிரிக் கரை ஊரார் அவருக்குக் கடன்பட்டவர்.

அவருடைய புற்று நோய் மருந்தின் செயலை உணர, உயிரணு இரண்டாகப் பிரியும் முறையை அறிதல் வேண்டும். பெரம்பலூர், அரியலூர் மாணவர்க்கு இது எளிது. அவர்கள் பக்கத்துச் செட்டிகுளத்திற் பேர்போன சின்ன வெங்காயத்தின் வேர்நுனியைச் சாயமேற்றி நசுக்கி நுண்பெருக்கியில் நோக்கினால், பிரிவின் நிலைகள் யாவும் ஒரே கண்ணாடித் தகட்டிற் காணப்படும். உயிரணு முதலில் தன் டி.என்.ஏ.வைப் படியெடுக்கிறது, பிறகே பிரிகிறது. படியெடுக்கத் தொடங்குமுன்னும், எடுத்தபின்னும், பிரியும் தறுவாயிலும் காவற்சாவடிகள் உண்டு. உடலில் அக்காவலருள் முதன்மையானது 1979-இற் கண்டறியப்பட்ட பி-53 என்னும் புரதம். டி.என்.ஏ. சேதமுற்றிருந்தால் அது பிரிவை நிறுத்தும். சேதம் சீர்ப்படாவிடில் உயிரணுவையே மடியச் செய்யும். சுமார் பாதிப் புற்று நோய்களில் இக்காவலன் கெட்டிருக்கிறான். அப்போது சேதமுற்ற உயிரணு தடையின்றிப் பிரிந்து, அச்சேதத்தைத் தன் வழித்தோன்றல்களுக்கும் விட்டுச்செல்கிறது. பிரிவை ஆளும் இவ்விதிகளைக் கண்ட ஹார்ட்வெல், ஹண்ட், நர்ஸ் மூவரும் 2001-இல் நோபல் பரிசு பெற்றனர்.

இவற்றுள் ஒன்றும் சுப்பாராவ் காலத்தில் தெரியாது. அவர் கையிலிருந்தது வேறு நூல். பம்பாய் ஆலைத் தொழிலாளரான கர்ப்பிணிகளின் சோகையை ஈஸ்ட்டுச் சத்துத் தீர்ப்பதை லூஸி வில்ஸ் அம்மையார் 1931-இல் எடுத்துரைத்தார். அச்சத்திலிருந்த பொருளே ஃபோலிக் அமிலம். அதனை 1945-இற் சுப்பாராவ் கூட்டத்தார் செயற்கையாக ஆக்கினர். அது ஸ்புரூ நோய்க்கும் உதவிற்று. சகோதரருக்கு மட்டும் காலங்கடந்துவிட்டது.

டி.என்.ஏ.வைப் படியெடுக்க ஃபோலிக் அமிலம் இன்றியமையாதது. பாஸ்டன் நகரத்து டாக்டர் ஸிட்னி பார்பர் அதனை இரத்தப் புற்றுக் குழந்தைகளுக்குக் கொடுத்தபோது நோய் விரைந்ததாகக் கண்டார். அவ்வாறாயின் அதன் எதிரிப் பொருளைக் கொடுத்தாலென்ன? அதனைப் போன்றே தோன்றி அதன் வேலையைக் கெடுக்கும் அமினாப்டெரினை லெடர்லியார் அனுப்பினர். 1948 ஜூனில் வெளிவந்த அறிக்கையின்படி, பதினாறு குழந்தைகளிற் பதின்மர் தேறினர். தேறியது சில காலத்திற்கே, நோய் மீண்டது. மருந்து காவலனைத் திருத்தவில்லை; படியெடுப்போனுக்கு மை கிட்டாமற் செய்தது, அவ்வளவே. ஆயினும் அதுவரை அவ்வளவும் கிட்டியதில்லை. அவ்வாண்டு ஆகஸ்டிலேயே சுப்பாராவ் தமது 53-ஆம் வயதிற் காலமானார்.

அம்மருந்தின் உடன்பிறப்பான மெத்தோட்ரெக்ஸேட், குழந்தைகளின் இரத்தப் புற்றுக்குக் கொடுக்கும் கூட்டு மருந்துகளில் இன்றும் ஒன்று. அக்குழந்தைகளிற் பெரும்பாலோர் இன்று பிழைக்கின்றனர். பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துப் பாட்டிமார் மூட்டுவாதத்திற்காக வாரத்தில் ஒரே நாள் விழுங்கும் மாத்திரையும் அதுவே. தவறி நாள்தோறும் உண்டால், எலும்பு மஜ்ஜையின் நல்ல உயிரணுக்களும் படியெடுக்க மாட்டாமல் நின்று உயிருக்கு இறுதியாகும். அதன் தீங்கைத் தணிக்க வைத்தியர் வேறொரு நாளில் கொடுக்கும் ஃபோலிக் அமில மாத்திரையும் சுப்பாராவ் கூட்டத்தார் ஆக்கித் தந்ததே.