திருடனைப் பிடிப்பவரே திருடர்களின் முதலாளி: லண்டனையே ஏமாற்றிய ஜோனதன் வைல்டு யார்?

1720. லண்டன். கூட்டத்தில் நடந்து போகும்போது சட்டைப்பையில் இருந்த கடிகாரத்தைக் காணோம். புகார் கொடுக்க போலீஸ் ஸ்டேஷன் கிடையாது. யாரைக் கேட்டாலும் ஒரே இடத்தைத்தான் கை காட்டுவார்கள்: ஓல்டு பெய்லி நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஜோனதன் வைல்டின் ஆபீஸ்.

அங்கே போய் விவரம் சொன்னால் நோட்டில் எழுதிக்கொள்வார். சில நாட்களில் கடிகாரம் திரும்பி வந்துவிடும். திருடனுக்குச் சேர வேண்டியது என்று ஒரு தொகை கொடுக்கணும், அவ்வளவுதான். பறிகொடுத்தவர் நன்றி சொல்லிவிட்டுப் போவார்.

காரணம் ரொம்ப சிம்பிள். அந்தக் கடிகாரத்தைத் திருடியதே அவருடைய ஆட்கள்தான்.

யார் இவர்?

இங்கிலாந்தின் உல்வர்ஹாம்ப்டனில் 1683-ல் ஞானஸ்நானம் பெற்றவர் ஜோனதன் வைல்டு. சாதாரணக் குடும்பம். பெல்ட், ஷூவுக்கான பக்கிள் செய்யும் தொழிலைக் கற்றவர். பிழைப்பு தேடி லண்டன் வந்தார். கடனைக் கட்ட முடியாமல் 1710-ல் சிறைக்குப் போனார்.

சிறைதான் அவருக்குக் காலேஜ். யார் பிக்பாக்கெட், யார் வீடு புகுந்து திருடுபவர், திருட்டுப் பொருளை யார் வாங்குவார் என எல்லாவற்றையும் அங்கேதான் கற்றுக்கொண்டார். மேரி மில்லினர் என்ற பாலியல் தொழிலாளியின் பழக்கமும் அங்கேதான் கிடைத்தது. 1712-ல் வெளியே வந்தபோது, லண்டனின் நிழலுலகம் அவருக்கு அத்துப்படி.

பதவிக்கு விலை 700 பவுண்டு

அன்றைய லண்டனில் சுமார் 6 லட்சம் பேர் வாழ்ந்தார்கள். ஆனால் முறையான காவல்துறை கிடையாது. சம்பளமில்லாத கான்ஸ்டபிள்களும், இரவுக் காவலர்களும்தான். திருடனைப் பிடிக்க வேண்டியது பறிகொடுத்தவரின் பொறுப்பு. அதனால் காசு வாங்கிக்கொண்டு திருடனைப் பிடித்துத் தருபவர்கள் உருவானார்கள்.

அரசுப் பதவியில் இருந்தவர்களும் யோக்கியம் இல்லை. சார்லஸ் ஹிட்சன் என்பவர் 1712-ல் நகரத்தின் துணை மார்ஷல் பதவியை 700 பவுண்டு கொடுத்து வாங்கினார். ஆமா, அப்போது பதவியை விலைக்கே வாங்கலாம். போட்ட பணத்தை எடுக்கணுமே? திருடர்களை மிரட்டிப் பங்கு வாங்கினார். பறிகொடுத்தவர்களிடமும் கறந்தார். அவருக்கு உதவியாளராகச் சேர்ந்தவர்தான் வைல்டு. சீக்கிரமே குருவைத் தாண்டிய சிஷ்யர் ஆனார்.

அவருடைய பிசினஸ் எப்படி ஓடியது?

திருட்டுப் பொருளை வாங்குவது அப்போது கடுமையான குற்றமாக மாறியிருந்தது. அதனால் வாங்குபவர்கள் அடிமாட்டு விலைதான் கொடுத்தார்கள். இந்த இடத்தில்தான் வைல்டு ஒரு விஷயத்தைக் கவனித்தார். ஒரு பொருளுக்கு அதிக விலை கொடுக்கக்கூடியவர் அதன் சொந்தக்காரர்தான். கணக்குப் புத்தகம், கடிதம், குடும்பத்து நகை போன்றவற்றுக்கு வெளியில் மதிப்பு குறைவு. பறிகொடுத்தவருக்கோ அது பொக்கிஷம்.

அதனால் வைல்டு பொருளைத் தொடவே மாட்டார். திருடர்கள் பத்திரமாக வைத்திருப்பார்கள். அவர் நடுவில் நின்று பேசி முடிப்பார். பத்திரிகைகளில் தொலைந்த பொருள் விளம்பரமும் கொடுப்பார். பை எங்கே தொலைந்தது என்ற குறிப்போடு சில விளம்பரங்கள் வரும். அந்த இடம் விபச்சார விடுதிக்குப் பக்கத்தில் இருந்தால், சொந்தக்காரர் வாயைத் திறக்காமல் கேட்ட பணத்தைக் கொடுத்துவிடுவார்.

40 பவுண்டுக்கு ஒரு உயிர்

இது வருமானத்தின் ஒரு பாதிதான். 1692-ல் வந்த ஒரு சட்டப்படி, வழிப்பறிக் கொள்ளையரைப் பிடித்துத் தண்டனை வாங்கிக் கொடுத்தால் 40 பவுண்டு பரிசு. ஒரு கூலித் தொழிலாளியின் ஓராண்டு வருமானத்தைவிட அது அதிகம்.

வைல்டுக்கு இது டபுள் லாபம். பங்கு கொடுக்காத திருடன், எதிர்த்துப் பேசியவன், போட்டி கேங் என யாரைப் பிடிக்கவில்லையோ அவரைப் பிடித்துக் கொடுப்பார். பரிசும் கிடைக்கும், போட்டியும் ஒழியும், ஊரில் பேரும் கிடைக்கும். நாடு கடத்தப்பட்டு, தண்டனைக் காலம் முடியும் முன்பே திருட்டுத்தனமாகத் திரும்பியவர்களை விரும்பி வேலைக்கு வைத்துக்கொண்டார். பிடிபட்டால் அவர்களுக்குத் தூக்கு. அதனால் வாழ்நாள் முழுக்க அவர் பிடியில்தான்.

இப்படி 60-க்கும் மேற்பட்டோரைத் தூக்குமேடைக்கு அனுப்பியதாக அவரே பெருமை அடித்துக்கொண்டார். கிரேட் பிரிட்டன், அயர்லாந்தின் தலைமைத் திருடர்-பிடிப்பாளர் என்று தனக்குத்தானே பட்டமும் சூட்டிக்கொண்டார்.

அரசே ஆலோசனை கேட்டது

வெளியிலிருந்து பார்த்தால் சாதனை மாதிரிதான் தெரியும். கைதுகள் நடக்கின்றன, தூக்குகள் விழுகின்றன, பொருட்கள் திரும்புகின்றன. ஆனால் திருட்டு மட்டும் குறையவே இல்லை. பொருளைத் தள்ளிவிட வழியும், பிடிபட்டால் காப்பாற்ற ஆளும் இருக்கும்போது எப்படிக் குறையும்?

1720-ல் கொள்ளைகள் எல்லை மீறியபோது, குற்றத்தைக் குறைக்க என்ன செய்யலாம் என்று அரசின் பிரிவி கவுன்சில் வைல்டிடமே கேட்டது. பரிசுத் தொகையைக் கூட்டுங்கள் என்றார் அவர். அரசும் கூட்டியது. லண்டன் வட்டாரக் கொள்ளையருக்கு மேலும் 100 பவுண்டு சேர்ந்து, ஒரு தலைக்கு 140 பவுண்டு ஆனது.

ஜாக் ஷெப்பர்டு போட்ட கோடு

1724-ல் ஜாக் ஷெப்பர்டு என்ற இளைஞர் வந்தார். தச்சுத் தொழில் கற்றவர், திருடர். ஆனால் வைல்டுக்குக் கீழே வேலை செய்ய மறுத்தார். வைல்டு அவரைப் பிடித்துக் கொடுத்தார். ஷெப்பர்டு தப்பித்தார். அந்த ஒரே ஆண்டில் நான்கு முறை தப்பித்ததில் மக்களின் ஹீரோவே ஆகிவிட்டார்.

அவருடைய கூட்டாளி ஜோசப் பிளேக் விசாரணைக்கு வந்தபோது வைல்டிடம் உதவி கேட்டார். வைல்டு கையை விரித்ததும், நீதிமன்ற வளாகத்திலேயே அவர் கழுத்தைக் கத்தியால் கிழித்தார். வைல்டு பிழைத்துக்கொண்டார். பிளேக், ஷெப்பர்டு இருவரும் நவம்பரில் தூக்கிலிடப்பட்டார்கள். ஆனால் 22 வயது இளைஞரைத் தூக்குக்கு அனுப்பியவர் என்ற வெறுப்பு வைல்டு மீது படிந்தது.

எப்படி மாட்டினார்?

1725 பிப்ரவரியில், தன் ஆள் ஒருவரைத் தப்ப வைத்த புகாரில் வைல்டு கைதானார். அவர் உள்ளே போனதும் பயம் விலகியது. கூட இருந்தவர்களே சாட்சி சொல்லக் கிளம்பினார்கள்.

கடைசியில் அவரைக் கவிழ்த்தது ஒரு லேஸ் வழக்கு. பார்வையற்ற கேத்தரின் ஸ்டெதம் என்ற பெண்ணின் கடையில் லேஸ் திருடுபோனது. அதைத் திருப்பிக் கொடுக்க வைல்டு 10 கினி வாங்கினார், அதுவும் சிறையில் இருந்துகொண்டே! திருடனைப் பிடித்துக் கொடுக்காமல் பொருளுக்குப் பணம் வாங்குவது குற்றம் என்று, இவர் மாதிரி ஆட்களை மனதில் வைத்தே 1718-ல் ஒரு சட்டப்பிரிவு வந்திருந்தது. திருட்டுக் குற்றச்சாட்டில் விடுதலை ஆனாலும், இந்தப் பிரிவில் சிக்கினார். தான் பிடித்துக் கொடுத்தவர்களின் பட்டியலை ஜூரிகளுக்குக் காட்டியும் பலிக்கவில்லை.

1725 மே 24, டைபர்ன் தூக்குமேடை. வழியெங்கும் பெரும் கூட்டம், கல்லெறி. முந்தைய இரவு அபின் மருந்தைக் குடித்துச் சாக முயன்றவர், அரை மயக்கத்தில் தூக்கிலிடப்பட்டார்.

அதோடு முடிந்ததா?

இல்லை. ஆள் போனாலும் பரிசுத் திட்டம் அப்படியே இருந்தது. 1754-ல் இன்னொரு திருடர்-பிடிப்பாளர் கும்பல் சிக்கியது. இவர்கள் பரிசுக்காகவே அப்பாவிகளைக் குற்றத்தில் மாட்டிவிட்டவர்கள். 40 பவுண்டு பரிசுமுறை ஒழிந்தது 1818-ல்தான். சம்பளம் வாங்கும் மெட்ரோபாலிட்டன் போலீஸ் லண்டனுக்கு வந்தது 1829-ல்.

காவல் செய்பவரின் வருமானம் குற்றத்தை நம்பி இருந்தால், அவர் குற்றத்தை ஒழிக்க மாட்டார், நிர்வகிப்பார். தனக்கு வேண்டியவர் தப்பிப்பார், வேண்டாதவர் மாட்டுவார். பறிகொடுத்தவர் இரண்டு முறை இழப்பார். கைது எண்ணிக்கை மட்டும் அழகாக இருக்கும்.

வைல்டின் எலும்புக்கூடு இன்றும் லண்டனின் ஹன்டேரியன் மியூசியத்தில் இருக்கிறது. அவரை இவ்வளவு காலம் காப்பாற்றியது அவருடைய தந்திரம் மட்டுமில்லை. பொருள் கிடைத்தால் போதும், எப்படிக் கிடைத்தது என்று கேட்க வேண்டாம் என்று நினைத்த ஆயிரக்கணக்கான நல்ல மனிதர்களும்தான்.