வால் நட்சத்திரத்தில் பெயர்... ஜவ்வாது மலையில் தொலைநோக்கி: யார் இந்த வைணு பாப்பு?

திருவண்ணாமலைக்குக் கிரிவலம் வருகிறவர்களுக்கு மலை என்றால் அது அண்ணாமலைதான். ஆனா ஊரைத் தாண்டி வடமேற்கே போனால் நீண்டு கிடக்கும் ஜவ்வாது மலைக்கும் ஒரு பெருமை இருக்கு. அதன் ஒரு பக்கம் திருவண்ணாமலை மாவட்டத்து ஜமுனாமரத்தூர். ஆலங்காயம் பக்கம் போனால் காவலூர், இன்றைக்கு அது திருப்பத்தூர் மாவட்டம். அந்தக் காலத்தில் எல்லாமே ஒரே வட ஆற்காடு. யுரேனஸ் கோளுக்கு வளையம் இருக்குன்னு உலகம் தெரிந்துகொண்ட இரவில், இந்தக் காட்டுக்குள் இருந்த ஒரு கருவியும் அதைப் பதிவு செய்திருந்தது. அந்தக் கருவியை அங்கே கொண்டுவந்தவர்தான் வைணு பாப்பு.

அப்பாவின் ஆய்வகமே விளையாட்டுத் திடல்

1927 ஆகஸ்ட் 10-ல் சென்னையில் பிறந்தார். குடும்பத்தின் பூர்வீகம் கேரளத்தின் தலச்சேரி. அப்பாவுக்கு ஹைதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில் வேலை. அதனால் மற்ற பிள்ளைகள் பம்பரம் விட்ட வயதில் இவர் தொலைநோக்கியைத் தொட்டுப் பழகினார். ஒளி மாறும் விண்மீன்களைக் கவனித்துக் கட்டுரை எழுதும்போது கல்லூரி மாணவர்தான்.

பிறகு அமெரிக்காவின் ஹார்வர்டு. 1949 ஜூலையில் அங்கே எடுத்த புகைப்படத் தகட்டில் புதிதாக ஒரு வால் நட்சத்திரம் தெரிந்தது. உடன் இருந்த போக், நியூகர்க் பெயர்களோடு சேர்த்து அதற்கு பாப்பு-போக்-நியூகர்க் என்று பெயர். ஆராய்ச்சிப் பட்டமே வாங்காத மாணவருக்கு இது சாதாரண விஷயம் கிடையாது. 1952-ல் டாக்டர் பட்டம், அடுத்து கலிபோர்னியாவின் பாலோமர். அங்கே ஓலின் வில்சனோடு சேர்ந்து செய்த வேலை 1957-ல் வெளியானது. ஒரு விண்மீனின் ஒளியைப் பிரித்துப் பார்த்தால் கால்சியம் காட்டும் ஒரு கோடு தெரியும். அந்தக் கோட்டின் அகலத்தை அளந்தாலே விண்மீனின் உண்மையான பிரகாசம் தெரிந்துவிடும். அதை வைத்துத் தூரத்தையும் கணக்கிடலாம். இதுதான் வில்சன்-பாப்பு விளைவு.

அமெரிக்காவிலேயே தங்கியிருந்தால் வாழ்க்கை சுலபமாகத்தான் இருந்திருக்கும். ஆனா திரும்பி வந்துட்டார். வாரணாசியில் தொடங்கி, பிறகு நைனிதாலில் வானாய்வகம். 1960-ல் கொடைக்கானல் ஆய்வகத்தின் இயக்குநர் ஆனபோது அவருக்கு வயது 32.

கொடைக்கானலில் என்ன சிக்கல்?

அது 1899-ல் ஆங்கிலேயர் தொடங்கிய இடம். சூரியனை ஆராய்வதில் உலகப் புகழ். ஆனா இரவு வானத்தைப் பார்க்கப் போதுமான வசதி இல்லை. வெளிநாட்டில் வாங்கலாம் என்றால் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு. அப்படியே ஒரு கருவி வந்து, பழுதாகிவிட்டால்? தயாரித்த கம்பெனிக்காரர் கடல் தாண்டி வரணும், இல்லாட்டி கருவி மூலையில் கிடக்கணும்.

பாப்பு தேர்ந்தெடுத்தது மூன்றாவது வழி: நாமே செய்வோம், நாமே சரி பார்ப்போம். கொடைக்கானல் பட்டறையிலேயே 38 செ.மீ. தொலைநோக்கி உருவானது. அதை எங்கே வைப்பது என்று தேடியபோது கிடைத்ததுதான் ஜவ்வாது மலையின் காவலூர். சுமார் 725 மீட்டர் உயரம், நகர வெளிச்சம் கிடையாது, நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் தெற்கு வானமும் நன்றாகத் தெரியும். 1968 வாக்கில் அங்கே கண்காணிப்பு தொடங்கியது. 1972-ல் கிழக்கு ஜெர்மனியின் கார்ல் ஜெய்ஸ் தயாரித்த 1 மீட்டர் தொலைநோக்கியும் வந்து சேர்ந்தது.

கண்ணாடி பாதி, மின்னணு பாதி

தொலைநோக்கி என்றதும் கண்ணாடிதான் ஞாபகம் வரும். ஆனா ஒளியை எண்ணாக மாற்றுவது அதன் பின்னால் மாட்டும் போட்டோமீட்டர். அதற்குள் போட்டோ மல்டிப்ளையர் என்ற வெற்றிடக் குழாய். சுமார் ஆயிரம் வோல்ட் கொடுத்தால், விண்மீனின் மெல்லிய ஒளி மின்னோட்டமாகப் பெருகும். ஆம்ப்ளிஃபையர் அதை இன்னும் பெருக்க, சார்ட் ரெக்கார்டரின் பேனா ஓடும் காகிதத்தில் கோடு போடும்.

இந்தச் சங்கிலியில் எங்கே வேணும்னாலும் கோளாறு வரலாம். மலைக்காட்டு ஈரம் சாக்கெட்டில் படிந்தால் மின்சாரம் கசியும். வோல்டேஜ் கொஞ்சம் ஆடினால் விண்மீனே மின்னுவதுபோல பேனா ஆடும். கண்டுபிடிக்கிற வழி எளிதானது, ஆனா பொறுமை வேணும். முதலில் ஷட்டரை மூடணும். ஒளியே இல்லாதபோதும் கோடு ஏறினால் தப்பு கருவியில். பிறகு பிரகாசம் ஏற்கெனவே தெரிந்த ஒரு விண்மீனைப் பார்த்து ஒப்பிடணும். அப்பவும் கணக்கு உதைத்தால் பவர் சப்ளையிலிருந்து ஒவ்வொரு கட்டமாக அளந்துகொண்டே வரணும்.

1977 மார்ச் 10: அந்தப் பள்ளம் நிஜமா?

அன்று ஒரு விண்மீனை யுரேனஸ் மறைக்கப் போகிறது. காவலூரின் 1 மீட்டர் தொலைநோக்கியில் பாப்புவின் சகாக்கள் ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும். கோள் விண்மீனை மறைக்க இன்னும் நேரம் இருக்கும்போதே, கோடு திடீரென்று சில விநாடிகள் கீழே இறங்கி மறுபடி ஏறியது.

மேகமா? மேகம் என்றால் ஒளி மெதுவாக மங்கி மெதுவாகத் தெளியும். கருவிக் கோளாறா? இறக்கமும் ஏற்றமும் சுத்தமாக இருந்தன. அவர்கள் தங்கள் கருவியை நம்பினார்கள். நிஜமாகவே ஏதோ ஒன்று குறுக்கே போயிருக்கிறது, யுரேனஸுக்குப் புதிய நிலவாக இருக்கலாம் என்று நேச்சர் இதழில் எழுதினார்கள்.

அதே நேரம் இந்தியப் பெருங்கடலுக்கு மேலே பறந்த அமெரிக்க ஆய்வு விமானம், கோளின் இரு பக்கமும் சமச்சீராகப் பல பள்ளங்களைப் பதிவு செய்திருந்தது. நிலவு இல்லை, வளையங்கள்! காவலூர் காகிதத்தை மறுபடி எடுத்து அலசி, பட்டாச்சார்யாவும் பாப்புவும் அதே ஆண்டில் வளையங்களைப் பற்றி எழுதினார்கள். கண்டுபிடிப்பின் முதல் பெயர் அமெரிக்கக் குழுவுக்குப் போனது. அதில் தப்பில்லை. ஆனா காவலூரின் கோட்டைக் கருவிக் கோளாறு என்று யாரும் ஒதுக்க முடியவில்லை.

பார்க்காமலே போன பெரிய கண்ணாடி

அடுத்த கனவு 2.34 மீட்டர் தொலைநோக்கி. வடிவமைப்பு, கண்ணாடியைத் தேய்த்து மெருகேற்றுவது, எந்திர வேலை எல்லாம் இந்தியாவில். ஆண்டுக்கணக்கில் இழுத்த வேலை. இதற்கிடையே 1971-ல் இந்திய வானியற்பியல் நிறுவனம் தன்னாட்சி அமைப்பாக, அதன் இயக்குநர் ஆனார். 1979-ல் சர்வதேச வானியல் ஒன்றியத்தின் தலைவர்.

1982 ஆகஸ்டில் கிரீஸின் பாட்ராஸில் அந்த ஒன்றியத்தின் மாநாடு. தலைமை தாங்க வேண்டியவர் ஜெர்மனியின் மியூனிக் மருத்துவமனையில் இருந்தார். இதய அறுவை சிகிச்சைக்குப் பிறகு உடல்நிலை மோசமாகி, மாநாடு நடந்துகொண்டிருந்த ஆகஸ்ட் 19-ல் காலமானார். வயது 55.

கண்ணாடி வேலை நிற்கவில்லை. 1986 ஜனவரி 6-ல் பிரதமர் ராஜீவ் காந்தி காவலூருக்கு வந்து தொலைநோக்கியைத் திறந்து வைத்தார். தொலைநோக்கிக்கும் வானாய்வகத்துக்கும் வைணு பாப்புவின் பெயர். இரண்டு ஆண்டு கழித்து, 1988-ல் அதே வளாகத்திலிருந்து ஒரு சிறுகோள் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு வைத்த பெயர் ராமானுஜன்.