மேரி கால்கின்ஸ்: ஹார்வர்ட் தராத பட்டம்

ஃப்ளாஷ் கார்டு வச்சுப் படிக்கிற ஆளா நீங்க? ஒரு பக்கம் சொல், மறுபக்கம் அதோட அர்த்தம். முன்பக்கத்தைப் பார்த்ததும் பின்பக்கம் ஞாபகம் வருதான்னு நம்மளையே சோதிச்சுக்கறோம் இல்லையா? கிட்டத்தட்ட இதே முறையை ஆய்வகத்துக்குள் கொண்டுவந்து மனுஷ ஞாபகத்தை அளந்தவர் மேரி விட்டன் கால்கின்ஸ். காக்னிட்டிவ் சைக்காலஜி என்ற பெயரே புழக்கத்துக்கு வராத காலம் அது.

1863-ல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் பிறந்தார். ஸ்மித் கல்லூரியில் படித்துவிட்டு, 1887-ல் வெல்லெஸ்லி பெண்கள் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தார். என்ன பாடம் தெரியுமா? கிரேக்க மொழி! அந்தக் கல்லூரி உளவியலைப் புதுசா ஆரம்பிக்க நினைச்சப்போ, நடத்த ஆள் கிடைக்கவில்லை. ஒரு வருஷம் அந்தப் பாடத்தைப் படிச்சுட்டு வந்து நீங்களே நடத்துங்கன்னு கால்கின்ஸிடம் சொன்னார்கள்.

படிக்கலாம், சரி. எங்கே போய்ப் படிப்பது? பக்கத்திலேயே ஹார்வர்ட். அங்கே வில்லியம் ஜேம்ஸ் இருந்தார், சொல்லிக்கொடுக்கவும் தயார். ஆனால் பல்கலைக்கழகத் தலைவர் எலியட், ஆண்களும் பெண்களும் ஒரே வகுப்பில் உட்காரக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தார். கால்கின்ஸின் அப்பா மனு போட்டார், வெல்லெஸ்லியிலிருந்தும் கடிதம் போனது. கடைசியில் 1890-ல் அனுமதி கிடைத்தது. வகுப்பில் உட்காரலாம்; மாணவியாகப் பதிவு மட்டும் கிடையாது.

அங்கேதான் ஒரு வேடிக்கை. அந்த வகுப்பில் சேர்ந்திருந்த மாணவர்கள் சில வாரங்களில் ஒவ்வொருத்தராகக் கழன்றுகொண்டார்கள். நூலகத்தில் எரிகிற கணப்புக்கு ஒரு பக்கம் ஜேம்ஸ், மறுபக்கம் கால்கின்ஸ். அந்த வருஷம்தான் வெளியாகியிருந்த ஜேம்ஸின் உளவியல் நூலை, எழுதியவரிடமே தனியாகப் படிச்சார். நமக்கெல்லாம் இப்படி ஒரு எலெக்டிவ் அமையுமா?

அடுத்த வருஷமே வெல்லெஸ்லியில் உளவியல் ஆய்வகம் தொடங்கினார். கிளார்க் பல்கலைக்கழகத்தின் சான்ஃபோர்டுடன் சேர்ந்து கனவுகளையும் ஆராய்ந்தார். அலாரம் வச்சு நடுராத்திரியில் எழுந்து, கண்ட கனவை உடனே எழுதி வைப்பது. இப்படி 205 கனவுகளைக் குறிச்சு வச்சார். பெரும்பாலான கனவுகள் பகலில் பார்த்த ஆட்களையும் இடங்களையும் ஒட்டியே வருகின்றன என்று தெரிந்தது. பின்னால் ஃப்ராய்டும் தன் கனவு நூலில் இந்த ஆய்வைக் குறிப்பிட்டார்.

பிறகு மறுபடியும் ஹார்வர்ட், இந்த முறை மியூன்ஸ்டர்பெர்க்கின் ஆய்வகம். இங்கே செய்ததுதான் அவருடைய பெரிய வேலை. ஒரு நிறத்தைக் காட்டுவார், அடுத்து ஒரு எண்ணைக் காட்டுவார். இப்படி வரிசையாகப் பல ஜோடிகள். அப்புறம் நிறத்தை மட்டும் காட்டி, எண் என்னன்னு கேட்பார். சில எண்களைப் பளிச்சென்று தெரியும்படி மாற்றினார், சிலதைக் கடைசியில் வைத்தார், சில ஜோடிகளைத் திரும்பத் திரும்பக் காட்டினார். எது நல்லா மனசில் நின்றது? திரும்பத் திரும்பக் காட்டியதுதான். கலர் கலராக ஹைலைட்டர் அடிச்சு வச்சிருக்கிற நண்பர்கள் இந்த வரியை இன்னொரு தடவை படிக்கவும்.

1895-ல் ஆய்வை முடித்து வைவாவுக்கு உட்கார்ந்தார். அதுவும் அதிகாரப்பூர்வம் இல்லாத வைவா. ஜேம்ஸ் உட்படப் பேராசிரியர்கள் கேள்வி கேட்டார்கள், பிஹெச்.டி.க்கு முழுத் தகுதி உண்டு என்று ஒரே குரலில் சொன்னார்கள். நிர்வாகம் மறுத்தது. காரணம், அவர் பெண்.

1902-ல் ஒரு சமரசம் வந்தது. ஹார்வர்டை ஒட்டிய பெண்கள் கல்லூரியான ராட்கிளிஃபின் பெயரில் டாக்டர் பட்டம் தருகிறோம் என்றார்கள். மியூன்ஸ்டர்பெர்க்கே வாங்கிக்கச் சொன்னார். நாமாக இருந்தால் கிடைச்சவரை லாபம்னு வாங்கியிருப்போம். கால்கின்ஸ் மறுத்துவிட்டார். படித்தது ஹார்வர்டில், ராட்கிளிஃப் பட்டம் எதற்கு? ஒருத்தர் வாங்கிக்கொண்டால் அடுத்து வரும் பெண்களுக்கும் அதே தனிக்கதவுதான் என்ற யோசனையும் அவருக்கு இருந்தது.

பட்டம் இல்லாததால் வேலை நிற்கவில்லை. 1905-ல் அமெரிக்க உளவியல் சங்கத்துக்கும், 1918-ல் அமெரிக்கத் தத்துவச் சங்கத்துக்கும் தலைவரானார். இரண்டிலுமே முதல் பெண் தலைவர் அவர்தான். 1927-ல் ஹார்வர்டில் படித்துப் பெயர் வாங்கிய சிலர், இப்பவாவது கொடுங்க என்று பல்கலைக்கழகத்துக்கு மனு எழுதினார்கள். அதுவும் தள்ளுபடி.

1929-ல் வெல்லெஸ்லியிலிருந்து ஓய்வு பெற்றார், அடுத்த வருஷம் காலமானார். பெண்களுக்கு ஹார்வர்ட் தன் பெயரிலேயே பிஹெச்.டி. கொடுக்கத் தொடங்கியது 1963-ல். கால்கின்ஸ் பிறந்து அப்போது சரியாக நூறு வருஷம்.