யாழோடு நடந்த கரோலன்

மணிமுடி தரித்து வாழ்ந்தும் மறக்கப்பட்ட மன்னர்கள் உண்டு. வீடு வீடாகச் சென்று பிழைத்தும் மக்கள் நெஞ்சில் நிலைத்த கலைஞர்களும் உண்டு. அயர்லாந்து நாட்டின் யாழிசைக் கலைஞர் டர்லோ கரோலன் இவர்களுள் இரண்டாம் வகையைச் சேர்ந்தவர். அவரை நாங்கள் எந்தப் பாடப்புத்தகத்திலும் படிக்கவில்லை. ஓர் இசைக்கருவிதான் எங்களை அவரிடம் அழைத்துச் சென்றது.

எங்கள் பள்ளியின் பழைய மாணவி ஒருவர் அமெரிக்காவிலிருந்து வந்தபோது, பள்ளிக்கு ஓர் இசைக்கருவியை அன்பளிப்பாகத் தந்தார். மலை டல்சிமர் என்பது அதன் பெயர். நீண்டு, நடுவில் இடை சிறுத்து, பார்ப்பதற்கு மெலிந்த வயலின் போல இருக்கும். அதை மடியில் படுக்க வைத்து வாசிக்க வேண்டும். அமெரிக்காவின் அப்பலேச்சிய மலைப்பகுதியில் குடியேறிய ஸ்காட்லாந்து, அயர்லாந்து, ஜெர்மானிய மக்களிடையே, சுமார் 200 ஆண்டுகளுக்கு முன்பு இது உருவானது. கென்டக்கி மாநிலத்தின் மலைக் கிராமம் ஒன்றில் 14 குழந்தைகளுள் கடைசியாகப் பிறந்த ஜீன் ரிச்சி அம்மையார் (1922-2015) இதை உலகறியச் செய்தவர்களுள் முதன்மையானவர்.

எங்கள் கருவிக்கு மூன்று தந்திகள். ச, ப, ச என்று சுருதி கூட்டிவிட்டால் போதும். ஒரு தந்தியில் பாட்டு நடக்கும். மற்ற இரண்டும் தம்புராவைப் போல ஓயாமல் ஒலித்துத் துணை நிற்கும். எல்லா அரைச் சுரங்களுக்கும் இதில் மெட்டுகள் இல்லை. எனவே தொடக்கத்தில் தவறு நேர்ந்தாலும் காதுக்கு அவ்வளவு கடுமையாக இராது. ஆனால் ஆறாம் மெட்டுக்கும் ஏழாம் மெட்டுக்கும் இடையே கூடுதலாக ஒரு மெட்டு உண்டு. அதற்கு ஆறரை மெட்டு என்று பெயர்! சங்கராபரணத்தின் நிஷாதம் அங்கேதான் இருக்கிறது. ஆறாம் மெட்டில் விரல் பட்டால் வேறு நிஷாதம் வந்துவிடும். நாங்கள் விழுந்து எழுந்த பள்ளம் அதுதான்.

எட்டுப் பேர் கற்கத் தொடங்கினோம். கருவியோ ஒன்று. மதிய இடைவேளையில் முறை வைத்து ஆளுக்குச் சில நிமிடங்கள் வாசித்தோம். எங்களுக்குத் தரப்பட்ட முதல் அயர்லாந்து மெட்டு, மூன்று எண்ணிக்கையில் மெல்ல அசைந்து செல்லும் ஷீபெக் ஷீமோர். ஒரு மாதம் ஆகியும் அது கைவரவில்லை. பதினைந்து வயதில் தொடங்கி இனி எப்போது கற்பது, பொதுத்தேர்வும் வருகிறதே என்று எங்களுள் சிலர் சோர்ந்தோம். இசை ஆசிரியையிடம் சென்று நின்றுகொள்வதாகக் கூறினோம். அவர் கோபிக்கவில்லை. இந்த மெட்டை ஆக்கியவர் யார், எந்த வயதில் கற்றார் என்று நூலகத்தில் தேடிப் படித்துவிட்டு வந்து முடிவு சொல்லுங்கள் என்று மட்டும் கூறி அனுப்பினார். அப்படிப் படித்து அறிந்ததே இவ்வரலாறு.

இளமைப் பருவம்

கரோலன் 1670-ஆம் ஆண்டு மீத் மாவட்டத்தில் நாபர் என்னும் ஊருக்கு அருகில் பிறந்தார். ஏழைக் குடும்பம். அவருக்கு 14 வயதானபோது, பிழைப்புத் தேடிப் பெற்றோர் ராஸ்காமன் மாவட்டத்திற்குக் குடிபெயர்ந்தனர். அங்கே ஆல்டர்ஃபோர்டு மாளிகையில் வாழ்ந்த மெக்டெர்மட் ரோ குடும்பத்தாரிடம் தந்தைக்கு வேலை கிடைத்தது. அக்குடும்பத் தலைவி மேரி அம்மையார் பரந்த மனம் படைத்தவர். வேலைக்காரர் மகன்தானே என்று எண்ணாமல் சிறுவனுக்குக் கல்வி அளித்தார். கவிதை புனைவதில் சிறுவனுக்கு இருந்த ஆர்வத்தையும் கண்டுகொண்டார்.

அயர்லாந்தின் வரலாற்றில் அது இருண்ட காலம். 1690-இல் பாய்ன் ஆற்றங்கரையிலும், 1691-இல் ஆக்ரிமிலும் நடந்த போர்களில் கத்தோலிக்கர் தரப்பு தோற்றது. அதன்பின் வந்த சட்டங்கள் கொடியவை. 1695-ஆம் ஆண்டுச் சட்டங்களின்படி கத்தோலிக்கர் பள்ளி நடத்தக் கூடாது. ஐந்து பவுனுக்கு மேல் மதிப்புள்ள குதிரை வைத்திருக்கக் கூடாது. பழைய ஐரிஷ் பிரபுக்கள் பலர் இதற்கு முன்பே, 1607-இல், நாட்டை விட்டுக் கடல் கடந்து போய்விட்டனர். அவர்களுடைய அரண்மனைகளில் மதிப்போடு வாழ்ந்த யாழ்க் கலைஞர்கள், வீடு வீடாகச் செல்லும் வழிப்போக்கர்கள் ஆயினர்.

இருள் சூழ்ந்த நாள்

பதினெட்டாம் வயதில் கரோலனுக்குப் பெரியம்மை கண்டது. அம்மைக்குத் தடுப்பூசி இல்லாத காலம் அது. (உலகெங்கும் பெரியம்மை ஒழிந்தது என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது 1980-இல்தான்.) உயிர் பிழைத்தார், ஆனால் இரு கண்களின் ஒளியும் போயிற்று. படித்த இளைஞன் ஒரே நோயில் ஏட்டைப் பார்க்க இயலாதவன் ஆனான்.

அந்நாளில் பார்வையற்றோருக்குத் திறந்திருந்த வாயில்களுள் ஒன்று யாழ். மேரி அம்மையார் அவரை ஒரு யாழாசிரியரிடம் சேர்த்துவிட்டார். மூன்று ஆண்டுகள் பயிற்சி நடந்தது. அந்த யாழுக்கு உலோகத் தந்திகள். விரல் நகங்களால் மீட்டுவார்கள். தந்தியின் ஓசை மணியோசை போல நெடுநேரம் நிற்கும். எனவே அடுத்த சுரத்தை மீட்டும்போதே முந்தைய சுரத்தை விரலால் அடக்கவும் தெரிய வேண்டும். பிஞ்சு வயதிலிருந்தே பழகினால்தான் கைவரும் வித்தை. கரோலனோ 18 வயதில் தொடங்கினார். ஆகையால் அவர் தம் காலத்தின் தலைசிறந்த வாசிப்பாளர் ஆகவே இல்லை. இதைப் படித்தபோது நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்!

பயணம் தொடங்கியது

இருபத்தொன்றாம் வயதில் கரோலன் புறப்பட்டார். மேரி அம்மையார் அவருக்கு ஒரு குதிரையும், கொஞ்சம் பணமும், வழிகாட்ட ஓர் ஆளும் தந்தார். முதலில் அவர் சென்ற இடங்களுள் ஒன்று, லீட்ரிம் மாவட்டத்தில் ஜார்ஜ் ரெனால்ட்ஸ் என்பவரின் இல்லம். அவரும் யாழும் கவிதையும் அறிந்தவர். கரோலனின் வாசிப்பைக் கேட்ட அவருக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனால் அவர் இளைஞனை விரட்டிவிடவில்லை. வாசிப்பதைவிடச் சொந்தமாக மெட்டமைப்பதில் முயன்று பார்க்கலாமே என்று அறிவுரை கூறினார். அருகிலிருந்த இரண்டு குன்றுகளின் கதையையும் பாடுபொருளாகச் சுட்டினார். சிறிய குன்றிலும் பெரிய குன்றிலும் வாழ்ந்த தேவதைக் கூட்டங்கள் ஒன்றோடொன்று போரிட்டன என்பது அக்கதை. கரோலன் அதைப் பாடலாக்கினார். அதுதான் ஷீபெக் ஷீமோர்! நாங்கள் தடுமாறிக்கொண்டிருந்த அதே மெட்டு, தடுமாறிய ஓர் இளைஞனின் முதல் முயற்சி என்று அறிந்தபோது எங்களுக்கு ஏற்பட்ட வியப்புக்கு அளவில்லை.

அன்று முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு அவர் அயர்லாந்தின் பல பகுதிகளிலும் சுற்றி வந்தார். ஒரு வீட்டுக்குப் போவதற்கு முன்பே வழியில் அவ்வீட்டாருக்காக ஒரு மெட்டை மனத்தில் அமைத்துவிடுவாராம். முதலில் மெட்டு, பின்புதான் சொற்கள். சொல்லுக்கே முதலிடம் தந்த பழைய மரபை இவ்வாறு அவர் மாற்றினார். கண் தெரியாதவர் மெட்டை எப்படி நினைவில் வைத்தார்? தம் சட்டைப் பொத்தான்களைச் சுரங்களாகக் கொண்டு, விரலால் தொட்டுத் தொட்டு அமைத்தார் என்று ஒரு செவிவழிச் செய்தி உண்டு.

கத்தோலிக்கரான அவரை ஐரிஷ் குடும்பத்தார் வரவேற்றது இயல்பே. ஆனால் ஆங்கிலேயர் வழிவந்த புராட்டஸ்டண்டு குடும்பங்களும் கதவைத் திறந்தன. சட்டம் பிரித்துவைத்த மக்கள் அவர் யாழைக் கேட்க ஒன்றாக அமர்ந்தனர். அவர் இசையும் அப்படியே. பழைய யாழ் மரபு, கிராமத்து ஆடல்பாடல், இத்தாலியிலிருந்து வந்த விவால்டி, கொரெல்லி போன்றோரின் புதிய இசை ஆகிய மூன்றும் அதில் கலந்தன. ஒரு ஐரிஷ் கவிதைக்கு அவர் மெட்டமைத்தார். அக்கவிதையைக் கலிவரின் பயணங்களை எழுதிய ஜோனதன் ஸ்விஃப்ட் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

இல்லறமும் இன்னல்களும்

இளமையில் கரோலன் நேசித்த பெண் பிரிஜித் குரூஸ். அத்திருமணம் நடக்கவில்லை. பல்லாண்டுகளுக்குப் பின் டெர்க் ஏரியிலுள்ள புனித பேட்ரிக் திருத்தீவுக்குத் திருப்பயணம் சென்றபோது, படகில் ஏற ஒரு பெண்ணுக்குக் கை கொடுத்தார். கை பட்டவுடனே அவர் பிரிஜித் என்று அறிந்துகொண்டார் என்பர். முகம் காணாமலே ஒருவரை அறியும் நினைவு அது!

பின்னர் மேரி மக்வயர் என்பவரை மணந்து, லீட்ரிம் மாவட்டத்தில் மோஹில் அருகே குடியமர்ந்தார். ஆறு பெண்களும் ஓர் ஆணுமாக ஏழு குழந்தைகள். கையில் பணம் தங்கவில்லை. கால் வீட்டில் தங்கவில்லை. மதுப் பழக்கமும் இருந்தது. மருத்துவர் தடுத்தும் அவரால் அதை விட முடியவில்லை என்று கூறப்படுகிறது. பெரியோர் வாழ்வில் கொள்ளத்தக்கவையும் உண்டு, தள்ளத்தக்கவையும் உண்டு. மறைக்காமல் எழுதுவதே முறை. 1733-இல் மனைவி இறந்தார். அவருக்காகக் கரோலன் ஐரிஷ் மொழியில் இரங்கற்பா இயற்றினார்.

தாய்வீடு திரும்பினார்

1738-ஆம் ஆண்டு உடல் நலிந்த நிலையில், அவர் சென்று சேர்ந்த இடம் ஆல்டர்ஃபோர்டு. குதிரையும் யாழும் தந்து அனுப்பி வைத்த அதே மேரி அம்மையார், முதுமையடைந்து, அவரை வரவேற்க அங்கே இருந்தார்! கரோலன் யாழை வாங்கித் தம் இறுதி மெட்டை வாசித்தார். இசைக்கு விடை கூறும் மெட்டு அது. மார்ச் 25-ஆம் நாள் உயிர் பிரிந்தது. மங்களவார்த்தைத் திருநாள் அது. நாற்புறமிருந்தும் மக்கள் திரண்டனர். துக்கம் காத்தல் நான்கு நாட்கள் நீடித்ததாம். கில்ரோனன் கல்லறைத் தோட்டத்தில், மெக்டெர்மட் ரோ குடும்பத்தாரின் கல்லறைக்கு அருகிலேயே அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

அழியாமல் வந்த வழி

கரோலன் தம் இசையை எழுதி வைக்கவில்லை. பிறகு நமக்கு எப்படிக் கிடைத்தது? அவர் வாழ்ந்த காலத்திலேயே, 1724-ஐ ஒட்டி, டப்ளினில் நீல் என்பார் வெளியிட்ட நூலில் சில மெட்டுகள் அச்சாயின. 1792 ஜூலையில் பெல்ஃபாஸ்ட் நகரில் ஒரு யாழ்விழா நடந்தது. அழிந்துவரும் மரபைக் காக்க எண்ணி அழைத்தபோது, அயர்லாந்து முழுவதிலிருந்தும் வந்த யாழ்க் கலைஞர்கள் பத்தே பேர்! அவர்களுள் ஆறு பேர் பார்வையற்றோர். ஒரே ஒரு பெண்மணி, ரோஸ் மூனி, அவரும் பார்வையற்றவரே. தொண்ணூறு வயதைக் கடந்த டெனிஸ் ஹெம்சன் மட்டுமே பழைய முறைப்படி நகத்தால் மீட்டினார். அவர்கள் வாசித்ததை எழுதியெடுத்தவர் எட்வர்டு பன்டிங் என்னும் 19 வயது இளைஞர். பின்னாளில் டோனல் ஓசலிவன் என்னும் அறிஞர் எல்லாவற்றையும் திரட்டி, 1958-இல் வெளியிட்டார். இருநூறுக்கும் மேற்பட்ட மெட்டுகள் அதில் உள்ளன.

ஆனால் கிடைத்தவை பெரும்பாலும் வெறும் மெட்டுகளே. அவருடைய மறுகை எந்தத் தந்திகளை மீட்டித் துணை செய்தது என்பது காற்றோடு போயிற்று. எனவே இன்று யாழிலோ, குழலிலோ, டல்சிமரிலோ வாசிப்பவர் ஒவ்வொருவரும் அந்த மறுகையைத் தாமே தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அயர்லாந்து அரசு பிற்காலத்தில் தன் ஐம்பது பவுன் நோட்டில் அவர் உருவத்தை அச்சிட்டது. 2019-இல் ஐரிஷ் யாழிசையை யுனெஸ்கோ நிறுவனம் மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. கையில் பணம் தங்காத கலைஞரின் முகம் பண நோட்டில் வந்தது விந்தையிலும் விந்தை அன்றோ!

முடிவுரை

படித்து முடித்து நாங்கள் இசை ஆசிரியையிடம் சென்றோம். அவர் எதுவும் கேட்கவில்லை. டல்சிமரை எடுத்து நீட்டினார். எட்டுப் பேரில் நால்வர் இன்றும் கற்கிறோம். மற்ற நால்வர் தேர்வுக்காக நின்றுகொண்டனர். அது அவர்கள் சிந்தித்து எடுத்த முடிவு. ஆண்டு விழாவில் நாங்கள் ஷீபெக் ஷீமோர் வாசித்தபோது, ஆறரை மெட்டுக்குப் பதில் ஆறாம் மெட்டில் விரல் பட்டுவிட்டது. ஒரு கணம் நின்று, மீண்டும் அந்த அடியிலிருந்தே தொடங்கி முடித்தோம். நின்றுபோன நால்வரும் முன்வரிசையில் அமர்ந்து கைதட்டினர்.

கரோலன் தாமதமாகத் தொடங்கினார். வாசிப்பில் முதல்வராகவும் இல்லை. ஆயினும் அவருக்குக் கல்வி தந்த ஒரு தாயுள்ளமும், குறையைச் சொல்லி வழியும் காட்டிய ஒரு நண்பரும், கேட்டதை எழுதி வைத்த ஓர் இளைஞரும் சேர்ந்து அவரை நம் மடிவரை கொண்டுவந்தனர். தோழியரே, நாம் கலைஞராக ஆகலாம், ஆகாமலும் போகலாம். பிறர் கற்கக் கைகொடுக்கும் அந்த மூவருள் ஒருவராக வாழ நம் எல்லோராலும் முடியும். அதற்கு முயல்வோமாக!

- பத்தாம் வகுப்பு மாணவி